சித்திரை முதல் நாள் இலைச் சாப்பாடு: முதல் முறை சமைப்பவர்களுக்கு

வருடப்பிறப்புக்கு விருந்து வைக்கலாம் என்று முடிவானதும் புதிதாகக் குடித்தனம் போட்டவர்கள் முதலில் செய்வது, ஒரு தாளில் என்னென்ன சமைப்பது என்று எழுதுவது. கூட்டு, பொரியல், அவியல், இரண்டு பச்சடி, வடை, போளி, பாயசம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எழுதுவதற்கு முன்னால் போய் அடுப்பைப் பாருங்கள். எத்தனை பர்னர்? பெரும்பாலான வீடுகளில் இரண்டு. காலை 8 மணிக்குப் பற்றவைத்து மதியம் 12.30-க்கு இலை போடுவதாக இருந்தால் கையில் இருப்பது 4½ மணி நேரம். இரண்டு பர்னருக்கும் சேர்த்து 9 மணி நேரம். அதில் அடங்குவதுதான் உங்கள் விருந்து. மீதி எல்லாம் ஆசை.

பாட்டி காலத்தில் பதினாறு வகை செய்தார்களே என்று யாராவது சொல்லக்கூடும். அந்தச் சமையலறையில் நாலு பெண்கள் இருந்தார்கள். இப்போது நீங்களும் உங்கள் துணையும் மட்டும்தான். அதனால் இலை நிறைய வேண்டும் என்பதை விட்டுவிட்டு, இலையில் விழுவது சரியான பதத்தில், சரியான சூட்டில் விழ வேண்டும் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இங்கே 12 பேருக்கு, சுத்த சைவமாக, ஒரு மதிய விருந்துக்கான கணக்கைச் சொல்கிறேன். சித்திரை 1 பெரும்பாலும் ஏப்ரல் 14 அன்று வரும். காலண்டரில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எதைச் செய்வது, எதை விடுவது

நான் சொல்லும் இலை இது: பருப்பும் நெய்யும், மாங்காய்ப் பச்சடி, முருங்கைக்காய் சாம்பார், தக்காளி ரசம், பீன்ஸ் பொரியல், அவியல், உருளைக்கிழங்கு வறுவல், பருப்பு வடை, அப்பளம், பாசிப்பருப்புப் பாயசம், தயிர், ஊறுகாய், ஒரு வாழைப்பழம். முதல் முறை சமைப்பவருக்கு இதுவே அதிகம்தான். ஆனால் செய்துவிடலாம்.

கூட்டு ஏன் இல்லை? அவியலுக்கும் தேங்காய் அரைக்க வேண்டும், கூட்டுக்கும் அரைக்க வேண்டும். இலையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி உட்காரும். அவியல் ஆறினாலும் நன்றாக இருக்கும். கூட்டு ஆறினால் இறுகிவிடும். அதனால் அவியல் போதும்.

உளுந்து வடை ஏன் இல்லை? மாவு பதம் தப்பினால் எண்ணெய் குடிக்கும், இல்லையென்றால் கல் மாதிரி ஆகும். நடுவில் ஓட்டை போட்டுக் கையிலிருந்து வழுக்கி எண்ணெயில் விடுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். விருந்தாளிகள் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது பழகுகிற வேலை இல்லை அது. பருப்பு வடை மன்னிக்கும் குணமுள்ளது. உள்ளங்கையில் தட்டிப் போட்டால் போதும், கோணலாக இருந்தாலும் மொறுமொறுப்பு காப்பாற்றிவிடும்.

போளி, ஜாங்கிரி மாதிரி ஏதாவது இனிப்பு வேண்டும் என்று தோன்றினால் கடையில் வாங்குங்கள். ஊறுகாயும் அப்படித்தான். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

மாங்காய்ப் பச்சடியை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். அன்றைய இலை மற்ற விருந்துகளிலிருந்து வேறுபடுவதே அதனால்தான். மாங்காயின் புளிப்பும் வெல்லத்தின் இனிப்பும் மிளகாயின் காரமும் வேப்பம்பூவின் கசப்பும் ஒரே கரண்டியில் வரும். வேம்பு பூக்கிற பருவமும் மாங்காய் வருகிற பருவமும் ஒன்றாக அமைவதால் பங்குனிக் கடைசியில் இரண்டுமே எளிதாகக் கிடைக்கும்.

ஒரு வாரத்துக்கு முன்

முதலில் போன் செய்து தலைகளை எண்ணுங்கள். எத்தனை பேர் என்பதோடு இன்னும் மூன்று விஷயம் கேட்டு வைக்க வேண்டும். பண்டிகை நாளில் வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் யாராவது வருகிறார்களா? சர்க்கரை உள்ளவர்கள் யார்? காரம் சாப்பிடாத குழந்தைகள் எத்தனை? உங்கள் அத்தை வீட்டில் சின்ன வெங்காயம் போட்ட சாம்பாரைத் தொட மாட்டார்கள் என்றால், அது இலை போட்ட பிறகு தெரியவே கூடாது. ஒருவருக்காகத் தனிச் சாம்பார் வைப்பதைவிட எல்லோருக்குமே வெங்காயம் இல்லாமல் வைப்பது சுலபம். முருங்கைக்காய் இருக்கும்போது வெங்காயம் இல்லாதது பெரிதாகத் தெரியாது.

அடுத்தது பாத்திரங்கள். சாம்பார் 3 லிட்டர் கொள்ளும் பாத்திரம், ரசத்துக்கு 2½ லிட்டர், 5 லிட்டர் குக்கர் ஒன்று, 3 லிட்டர் குக்கர் ஒன்று, அகலமான வாணலி இரண்டு, சாதத்துக்குப் பெரிய ஹாட்பேக். எல்லோரும் மறப்பது கரண்டி. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனிக் கரண்டி வேண்டும். எண்ணிப் பார்த்தால் பத்துக்கு மேல் வரும். வீட்டில் நாலுதான் இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள். பண்டிகையன்று காலை கேட்டால் அவர்களுக்கும் தேவைப்படும்.

சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் உடனே பதிவு செய்யுங்கள். வடை பாதி வெந்திருக்கும்போது கேஸ் தீர்ந்துபோவதை எந்த வழிகாட்டியாலும் சரிசெய்ய முடியாது.

முந்தின ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பட்டியலில் நீங்கள் ஒரு தடவைகூடச் செய்யாத பதார்த்தம் எதுவோ அதை நாலு பேர் அளவில் செய்து பாருங்கள். எவ்வளவு உப்பு, எவ்வளவு புளி என்று எழுதி வையுங்கள். சாமிக்குப் படைக்கிற வீடாக இருந்தால் இது இன்னும் முக்கியம். படையல் முடியும்வரை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்றால் உப்பை எப்படிப் பார்ப்பது? அளவால்தான். ஒரு லிட்டர் குழம்புக்கு மட்டமாக 2 டீஸ்பூன் தூள் உப்பு என்பது நடுத்தரமான கணக்கு. கல் உப்பு போட்டால் ஒரே ஸ்பூனில் கூடவும் குறையவும் செய்யும். அன்றைக்கு மட்டும் தூள் உப்பே இருக்கட்டும்.

நாலு பேர் அளவைப் பன்னிரண்டு பேருக்குக் கூட்டும்போது எல்லாவற்றையும் மூன்றால் பெருக்காதீர்கள். காயையும் பருப்பையும் பெருக்கலாம். தண்ணீர், மிளகாய், புளி மூன்றையும் இரண்டரை மடங்கோடு நிறுத்துங்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் அந்த அளவுக்குச் சுண்டாது. போதவில்லை என்றால் கொதிக்கும்போது வெந்நீர் விட்டுக்கொள்ளலாம். கூடிப்போனதை எடுக்கத்தான் முடியாது.

மளிகையும் காய்கறியும்

பச்சரிசியோ பொன்னியோ, ஆளுக்கு 100 கிராம் போதும். வடை, பாயசம், அவியல் எல்லாம் இருக்கும் இலையில் சாதம் குறைவாகத்தான் போகும். 12 பேருக்கு 1¼ கிலோ வாங்குங்கள். மற்றவை:

துவரம்பருப்பு ½ கிலோ (சாம்பாருக்கு 350 கிராம், மீதி நெய்ப் பருப்புக்கு)
கடலைப்பருப்பு ½ கிலோ (ஏறக்குறைய 30 வடை)
பாசிப்பருப்பு ¼ கிலோ, வெல்லம் ¾ கிலோ (பாயசத்துக்கு ½, பச்சடிக்கு ¼)
தேங்காய் 4 (பாயசத்துக்கு 2, அவியலுக்கு 1, பொரியலுக்கும் தாளிப்புக்கும் 1)
புளி 100 கிராம், நெய் 200 கிராம், முந்திரி 50 கிராம், கடலை எண்ணெய் 1 லிட்டர், தேங்காய் எண்ணெய் 100 மில்லி
பால் அரை லிட்டர் பாக்கெட் 3 (தயிருக்கு)
அப்பளம் 2 பாக்கெட், வேப்பம்பூ ஒரு கைப்பிடி

வேப்பம்பூ தெருவில் மரம் இருந்தால் காசு இல்லாமலே கிடைக்கும். மரத்தடியில் சுத்தமான துணியை விரித்துவிட்டுக் கிளையை உலுக்கினால் பூ உதிரும். காம்பு, தூசி நீக்கி அலசி நிழலில் உலர்த்துங்கள். மரம் இல்லாதவர்களுக்கு நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த பூ இருக்கும். பண்டிகைக்கு முந்தின இரண்டு நாளில் காய்கறிக் கடைகளிலேயே சின்னக் கூறாகக் கட்டி வைத்திருப்பார்கள்.

காயில், முருங்கைக்காய் 6 (சாம்பாருக்கு 4, அவியலுக்கு 2), பீன்ஸ் ¾ கிலோ, உருளைக்கிழங்கு 1 கிலோ, தக்காளி ¾ கிலோ, மாங்காய் ½ கிலோ. அவியலுக்கு வாழைக்காய், சேனை, வெள்ளைப் பூசணி, கேரட், கொஞ்சம் பீன்ஸ் என்று கலந்து 1¼ கிலோ இருக்கட்டும். மாங்காயை அமுக்கிப் பார்த்துக் கெட்டியாக இருப்பதாக எடுங்கள். பழுக்கத் தொடங்கியிருந்தால் பச்சடி குழைந்து ஜாம் ஆகிவிடும்.

கோவைப் பக்கமும் கன்னியாகுமரிப் பக்கமும் விடியற்காலையில் கனி காணும் வழக்கம் உண்டு. உங்கள் வீட்டிலும் உண்டென்றால் மா, பலா, வாழை என்று பழங்களையும் இதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தட்டு, கண்ணாடி, பழம், பூ எல்லாம் முந்தின இரவே சாமி முன் வைத்து முடிக்க வேண்டிய வேலை; அது உங்கள் இரவு நேரத்தில் முக்கால் மணி நேரம் எடுக்கும்.

இலையை முந்தின நாள் மாலை வாங்குங்கள். முகூர்த்த நாளும் பண்டிகையும் பக்கத்தில் வந்தால் கோயம்பேட்டிலேயே இலை விலை ஏறும், தெருமுனைக் கடையில் கேட்கவே வேண்டாம். 12 பேருக்கு 14 நுனி இலை. ஒன்றிரண்டு கிழிந்தே இருக்கும். சுருட்டிய கட்டைப் பிரிக்காமல் ஈரத்துணி சுற்றி நிழலில் நிறுத்தி வையுங்கள். ஃப்ரிட்ஜில் திணித்தால் ஓரம் கறுக்கும், மடித்த இடத்தில் கிழியும்.

முந்தின நாள் இரவு

உண்மையில் விருந்து சமைப்பது இந்த இரவில்தான். மறுநாள் காலையில் நடப்பது அடுப்பில் ஏற்றி இறக்குவது மட்டும். இரவு செய்யும் ஒவ்வொரு வேலையும் காலையில் கால் மணி நேரத்தைத் திருப்பித் தரும்.

பீன்ஸ் நறுக்குங்கள், அவியல் காய்களைச் சுண்டுவிரல் நீளத்துக்கு நறுக்குங்கள். சேனையும் வாழைக்காயும் நறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சேனை அரிக்கும், வாழைக்காய் கறை பிடிக்கும். இந்த இரண்டையும் தண்ணீரில் போட்டு வைக்கவும். மற்றதெல்லாம் டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜுக்குள். உருளைக்கிழங்கை நறுக்க வேண்டாம், காலையில் முழுதாகத்தான் வேகப்போகிறது. மாங்காயையும் காலையில் நறுக்கினால் போதும்.

மூன்று தேங்காயைத் துருவிவிடுங்கள். நாலாவதைப் பூஜைக்கு உடைக்கிற வீட்டில் அப்படியே விட்டுவைத்து, உடைத்த பிறகு பொரியலுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் வெயிலில் துருவிய தேங்காய் வெளியில் இருந்தால் காலைக்குள் வாடை வந்துவிடும், உடனே ஃப்ரீசரில் வையுங்கள். சாம்பாருக்கு 60 கிராம், ரசத்துக்கு 30 கிராம் புளியைத் தனித்தனியாக வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டி வைக்கலாம். பாசிப்பருப்பை வாசனை வரும்வரை வறுத்து ஆறவைத்து டப்பாவில் போடுங்கள். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். வடிகட்டாத வெல்லத்தில் மண் இருக்கும். பாயசத்தில் பல்லில் நறநறவென்று கடிபட்டால் மற்ற எல்லாச் சமையலும் மறந்துபோய் அது ஒன்றுதான் பேச்சாகும்.

தயிர் விஷயத்தில் நேரம் முக்கியம். சித்திரைச் சூட்டில் பால் நாலைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். மாலை 6 மணிக்கே உறை ஊற்றினால் மறுநாள் மதியம் புளித்த மோர்தான். படுக்கப்போகும் முன் ஊற்றுங்கள், எழுந்தவுடன் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

அப்புறம், காலையில் எதற்குப் பின் எது என்று நேரம் போட்டு ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். 11 மணிக்கு மண்டை சூடாகும்போது அந்தத் தாள்தான் யோசிக்கும்.

விருந்தன்று காலை

காலைச் சாப்பாட்டுக்கு இட்லி மாவு இருந்தால் நாலு இட்லி, இல்லையென்றால் பிரட். பட்டினியாகச் சமைக்க நிற்காதீர்கள்.

மின்வெட்டு வரலாம் என்பதால் மிக்ஸி வேலை எதையும் தள்ளிப்போடக் கூடாது. 7.30-க்கே ஆரம்பியுங்கள். அவியலுக்கு ஒரு தேங்காய்த் துருவல், 8 பச்சைமிளகாய், ஒன்றரை டீஸ்பூன் சீரகம் சேர்த்துக் கொரகொரப்பாக. பாயசத்துக்கு இரண்டு தேங்காய்த் துருவலை வெந்நீர் விட்டு அரைத்துப் பிழிந்து முதல் பாலைத் தனியாக, இரண்டாம் பாலைத் தனியாக எடுத்து வையுங்கள். கடலைப்பருப்பை 8 மணிக்கு ஊறப்போட்டால் 10 மணிக்கு அரைக்கலாம். அதற்கு மேல் ஊறினால் தண்ணீர் குடித்து வடை எண்ணெயில் பிரியும்.

8.00. பெரிய குக்கரில் ½ கிலோ துவரம்பருப்பு, மஞ்சள்தூள், ஒரு சொட்டு எண்ணெய். சின்னக் குக்கரில் வறுத்த பாசிப்பருப்பு, 2 விசில். துவரம்பருப்பு வெந்ததும் மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரில் இரண்டு டம்ளர் ரசத்துக்கு எடுத்து வையுங்கள். பருப்பில் பத்தில் மூன்று பங்கை உப்புப் போட்டு மசித்து நெய்ப் பருப்புக்கு எடுத்துவிட்டால் மீதி சாம்பாருக்கு.

8.30. கழுவிய பெரிய குக்கரில் உருளைக்கிழங்கு, 2 விசில், குழையக் கூடாது. அடுத்த பர்னரில் பாயசம். வெந்த பாசிப்பருப்பில் வெல்லக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இரண்டாம் பால் சேர்த்து மறுபடி ஒரு கொதி. அடுப்பை அணைத்த பிறகுதான் முதல் பால். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் திரியும். ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி போட்டு மூடிவிடுங்கள். ஆறும்போது இறுகும் என்பதால் இந்த நேரத்தில் தண்ணீராகத் தெரிவதுதான் சரி.

9.00. அவியல். சேனையும் வாழைக்காயும் முதலில், கேரட்டும் பீன்ஸும் முருங்கையும் அடுத்து, பூசணி கடைசியில். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பூசணி காணாமல் போயிருக்கும், சேனை வெந்திருக்காது. தண்ணீர் காய் மூழ்காத அளவுக்கு. வெந்ததும் உப்பு, அரைத்த விழுது, இரண்டு கொதி. இறக்கிவைத்துச் சூடு கொஞ்சம் அடங்கினபின் ஒரு டம்ளர் கெட்டித் தயிர், மூன்று டேபிள்ஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெய், கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை. தாளிப்பு வேண்டாம்.

பாயசம் இறங்கியதும் அந்த பர்னரில் பச்சடி. மாங்காயைத் தோலோடு சின்னத் துண்டுகளாக நறுக்கி, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து நன்றாக வேகவிடுங்கள். துண்டை அமுக்கினால் நசுங்க வேண்டும். அதன் பிறகுதான் வெல்லம். அவசரப்பட்டு முன்பே போட்டால் மாங்காய் அதற்கப்புறம் வேகவே வேகாது, எவ்வளவு நேரம் கொதித்தாலும் துண்டு விறைத்தே நிற்கும். வெல்லம் ½ கிலோ மாங்காய்க்கு ¼ கிலோ வரை பிடிக்கும். மாங்காயின் புளிப்பைப் பொறுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தேன் பதத்துக்கு வந்ததும் நெய்யில் கடுகும் இரண்டு வரமிளகாயும் தாளிக்கவும். வேப்பம்பூவைத் தனியாக, ஒரு ஸ்பூன் நெய்யில் மரக்கலர் வரும்வரை வறுத்து, பரிமாறுவதற்குச் சற்று முன் மேலே தூவுங்கள். முன்பே போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு முழுப் பச்சடியிலும் இறங்கிக் குழந்தைகள் தொட மாட்டார்கள். ஒரு டீஸ்பூன் பூ போதும். மீதியை நெய்யோடு ஒரு கிண்ணத்தில் வைத்தால் கசப்பு பிடித்தவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்; வயதானவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.

9.30. சாம்பார். புளிக்கரைசல், முருங்கைக்காய், மூன்றரை டேபிள்ஸ்பூன் சாம்பார் பொடி, உப்பு, பெருங்காயம். புளியின் பச்சை வாசனை போன பிறகு பருப்பு. மொத்தம் 2½ லிட்டருக்கு மேல் போக வேண்டாம். தாளித்துக் கொத்தமல்லி தூவி மூடிவிடுங்கள். பக்கத்து பர்னரில் அவியல் இறங்கியதும் உருளைக்கிழங்கு வறுவல். இரும்பு வாணலி, கொஞ்சம் தாராளமாக எண்ணெய், சின்னத் தீ. அடிக்கடி கிளறாமல் விட்டால்தான் மேலே மொறுமொறுப்பு பிடிக்கும்.

10.15. பீன்ஸ் பொரியல், 25 நிமிட வேலை. தேங்காயை இறக்கும்போது போடுங்கள். வறுவல் பர்னர் சும்மா இருந்தால் அதில் வேறு எதையும் ஏற்றாதீர்கள். இடையில் கடலைப்பருப்பை வடித்து, ஒரு கைப்பிடி முழுப்பருப்பை எடுத்து வைத்துவிட்டு மீதியைத் தண்ணீர் விடாமல் வரமிளகாய், இஞ்சியோடு கொரகொரப்பாக அரைத்து, முழுப்பருப்பைக் கலந்து வையுங்கள். உப்பும் வெங்காயமும் இப்போது வேண்டாம், நீர் விட்டுக்கொள்ளும்.

10.40-லிருந்து 11 மணிவரை அடுப்புக்கு விடுமுறை. குளித்துப் புதுத்துணி கட்டிக்கொள்ளுங்கள், மேடையைத் துடையுங்கள், சேர்ந்த பாத்திரங்களைக் கழுவுங்கள். இந்த 20 நிமிடத்தைச் சமையலுக்குத் தின்னக் கொடுத்தால் விருந்தாளிகள் வரும்போது நீங்கள் நைட்டியோடோ லுங்கியோடோ கதவைத் திறப்பீர்கள்.

11.00. அரிசி. 5 லிட்டர் குக்கரில் ஒரு தடவைக்கு 600 கிராமுக்கு மேல் போட வேண்டாம். தண்ணீரோடு சேர்த்துக் குக்கர் பாதிதான் இருக்க வேண்டும். முதல் ஈடு ஹாட்பேக்குக்குப் போகும், 11.35-க்கு இரண்டாவது. அடுத்த பர்னரில் ரசம். தக்காளி, புளி, ரசப்பொடி கொதித்ததும் எடுத்து வைத்த பருப்புத் தண்ணீர். அதன் பிறகு கொதிக்கக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கி நெய்யில் தாளித்து மூடுங்கள்.

11.30. எண்ணெய். முதலில் அப்பளம், பிறகு வடை. வடையை முதலில் போட்டால் உதிர்ந்த பருப்பு கருகி அப்பளத்தில் ஒட்டும். பொரித்த அப்பளத்தை ஆறவிட்டு மூடி இறுக்கமான டின்னில் அடுக்கினால் ஒரு மணி நேரம் நமுத்துப்போகாது. வடை மாவில் இப்போது உப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம்; வெங்காயம் சேர்க்காதவர்கள் யாரும் வரவில்லை என்றால் வெங்காயமும். ஒரு ஈட்டுக்கு ஆறு வடை, மிதமான தீ, ஐந்தாறு நிமிடம். 30 வடைக்கு அரை மணி நேரம் சரியாக இருக்கும். முதல் ஈட்டிலேயே படையலுக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

இலை போடுவது

12 பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க நினைக்காதீர்கள். பெரியவர்களும் குழந்தைகளுமாக முதலில் 7 பேர், அப்புறம் 5 பேர். பரிமாற இரண்டு பேர் வேண்டும், சமைத்தவர் அதில் ஒருவராக இல்லாமல் இருந்தால் நல்லது. இரண்டாம் பந்தியில் அவரும் உட்கார வேண்டும் இல்லையா?

இலையின் குறுகிய நுனி சாப்பிடுபவரின் இடதுபக்கம் இருக்க வேண்டும், அகன்ற பக்கம் வலது. தண்ணீர் தெளித்துத் துடைத்து, மேல்பாதியில் இடது ஓரத்தில் உப்பு, ஊறுகாய், அடுத்து பச்சடி, வறுவல், பொரியல், அவியல். கீழ்ப்பாதி சாதத்துக்கு. இடதுபக்கம் அப்பளம், வடை, பழம். வலது கீழ்மூலையில் ஒரு துளி பாயசம். வரிசை வீட்டுக்கு வீடு மாறும். வந்திருப்பவர்களில் மூத்தவரிடம் “சரியா போட்டிருக்கேனா பெரியம்மா?” என்று கேட்டுவிடுங்கள். அவர்களுக்கும் சந்தோஷம், பிறகு குறை சொல்ல ஆளும் இருக்காது.

சாதம் முதலில் சின்னதாக வைத்துப் பருப்பு, நெய். பிறகு சாம்பார், அடுத்து ரசம், நடுவில் பாயசம், கடைசியில் தயிர். ஒவ்வொரு சுற்றுக்கும் சாதத்தைக் கொஞ்சமாக வையுங்கள். சாம்பாரிலேயே வயிறு நிறைந்துவிட்டால் உங்கள் ரசத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். சர்க்கரை உள்ளவர்களிடம் பாயசத்துக்கு “ஒரு கரண்டி மட்டும்” என்று சொல்லி வற்புறுத்தாமல் இருப்பதும் உபசரிப்புதான்.

கைமீறினால்

சாம்பாரில் உப்பு கூடிவிட்டதா? நெய்ப் பருப்பிலிருந்து இரண்டு கரண்டி சேர்த்து வெந்நீர் விட்டு ஒரு கொதி விடுங்கள். இதற்காகத்தான் அந்தப் பருப்பில் உப்பைக் குறைவாகவே போட வேண்டும். நீர்த்துப் போயிருந்தால் இரண்டு டீஸ்பூன் அரிசிமாவைக் கரைத்து ஊற்றலாம். வடை எண்ணெயில் பிரிந்தால் மாவில் ஈரம் அதிகம் என்று அர்த்தம். பொட்டுக்கடலையைப் பொடித்து ஒரு கைப்பிடி கலந்து ஒரே ஒரு வடை போட்டுப் பாருங்கள். சாதம் குழைந்துவிட்டால் அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஃபேன் கீழே வைத்தால் ஓரளவு உதிரும். பாயசம் களி மாதிரி ஆகியிருந்தால் காய்ச்சிய சூடான பாலை விட்டுக் கலக்கலாம். வெல்லம் சேர்ந்த பாயசத்தில் பால் விட்ட பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது, திரிந்துவிடும்.

எல்லாமே அரை மணி நேரம் தாமதமானால் வந்தவர்களுக்கு நீர்மோர் கொடுங்கள். ஏப்ரல் மதியத்தில் அதை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மிஞ்சியது

இந்த வெயிலில் தேங்காய் சேர்ந்த எதையும் மாலைவரை வெளியில் வைக்காதீர்கள். அவியலும் பொரியலும் முதலில் ஊசிப்போகும். சாப்பிட்டு முடித்ததும் கிளம்புகிறவர்களுக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்துவிடுங்கள், அதற்காகவே நாலைந்து டப்பா முன்கூட்டியே எடுத்து வைக்கலாம். சாம்பாரையும் ரசத்தையும் கொதிக்கவைத்து ஆறினதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் ஆகும். பாயசம் குளிரக் குளிர நன்றாகவே இருக்கும். மிஞ்சிய சாதத்தில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையதுக்குத் தொட்டுக்கொள்ள மாங்காய்ப் பச்சடியின் அடி வண்டல் இருக்கும். வடை மிஞ்சாது. மிஞ்சினால் உதிர்த்து வடகறி செய்துவிடுங்கள், மறுநாள் இட்லிக்கு ஆச்சு.